ஸ்டியரிங் பிடிக்காத நாலு நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். கும்பகோணம் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. கொல்லை முருங்கை பூத்துக் கிடக்கிறது.

போனில் மூன்று தடவை கேட்டாய், "டூர் எப்படிப்பா இருந்துச்சு?" என்று. மூன்று தடவையும் "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிப் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் பேச ஆரம்பித்தால் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும். அது எனக்குப் போனில் வராது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

"31 வருஷம் டூர் பஸ் ஓட்டி ஊரையே கூட்டிட்டுப் போனீங்க, நாலு நாள் நீங்க சும்மா உக்காந்துட்டு வாங்கப்பா" என்று ஏதென்ஸில் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு நீ வேலைக்குத் திரும்பினாய். முதல் நாள் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கிரீஸில் வண்டி சாலையின் வலது பக்கம் போகிறது, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது. எதிரே லாரி வந்தாலே என் வலது கால் தானாக அழுந்திற்று. மதியத்துக்கு மேல்தான் அடங்கியது. அதற்குக் காரணம் அந்த டிரைவர். என் வயதுக்குப் பத்து வயது குறைவாக இருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் வண்டியைக் கொண்டுபோகிற கை. பின்னால் தூங்குகிறவர் தலை ஆடாது. அந்தக் கையை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கைடு அம்மா தினமும் காலையில் எல்லோரையும் இரண்டு வரிசை தள்ளி உட்கார வைப்பார், முன் சீட்டு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று. நல்ல ஏற்பாடு. அவரிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. இடத்துக்குப் போய்ச் சேர்ந்து வெயிலில் நிற்க வைத்துக் கதை சொல்லமாட்டார். வண்டி ஓடும்போதே முழுக் கதையையும் சொல்லிவிடுவார். இறங்கினால் பார்ப்பது மட்டும்தான் வேலை. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி இறக்கிப் பழகிய என் இங்கிலீஷுக்கு அவர் நிதானமான பேச்சு போதுமானதாக இருந்தது. விட்டுப்போனதை அம்மா சொன்னாள்.

முதலில் கொரிந்து கால்வாய். பாறையை நேர்கோடாக அறுத்து 1893-ல் முடித்திருக்கிறார்கள். 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அடியில் 21 மீட்டர்தான் அகலம். பாலத்திலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீர் ஒரு நீல நாடா மாதிரி தெரிகிறது. ரோம மன்னன் நீரோ கி.பி. 67-லேயே தோண்ட ஆரம்பித்து, அது பாதியில் நின்றுபோனதாம். அதற்கும் பல நூறு வருஷம் முன்பு கப்பலையே கரையேற்றி, கல் பாவிய பாதையில் இழுத்துப்போய் அந்தப் பக்கத்துக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். கப்பலுக்கு ரோடு போட்ட ஆட்களை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் எபிடாரஸ். இது அம்மாவின் இடம், அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனால் மேலே உட்கார்ந்து கேட்டவன் நான், அதனால் நானும் சொல்கிறேன். கி.மு. 4-ம் நூற்றாண்டில் மலைச்சரிவில் கட்டிய நாடக அரங்கம். 55 வரிசைக் கல் படிகள், பதிமூன்று பதினாலாயிரம் பேர் உட்காரலாம். பக்கத்தில் அஸ்கிலேபியஸ் என்ற வைத்திய சாமியின் கோயில். நோயாளிகள் அங்கே வந்து இரவு படுத்தால் சாமி கனவில் வந்து மருந்து சொல்வார் என்று நம்பிக்கை. குணசீலத்தில் நோயாளிகளைக் கொண்டுபோய்த் தங்க வைப்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் நாடகமும் பார்க்கட்டும் என்று அவர்கள் நினைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அரங்கத்தின் நடுவில் வட்டமாக ஒரு கல். கைடு அங்கே ஒரு காசைப் போட்டுக் காட்டினார். நான் அதற்குள் கடைசி வரிசைக்கு ஏறியிருந்தேன். காசுச் சத்தம் எனக்குக் கேட்டதாகச் சொல்லமாட்டேன். யாராவது பாடுகிறீர்களா என்று கைடு கேட்டிருக்கிறார். கீழே பார்த்தால், மெரூன் கலர் புடவையில் ஒரு உருவம் வட்டக் கல்லை நோக்கிப் போகிறது. உன் அம்மா! உனக்குப் பாடுவாளே அந்தத் தாலாட்டு, அதில் இரண்டு வரிதான் பாடினாள், அதுவும் தூளிப் பக்கத்தில் பாடுகிற குரலில். அம்மாடி, 55-வது வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்தது. நான் வண்டிக்குப் போயிருந்த நாட்களில் அவள் அதைப் பாடித்தான் உன்னைத் தூங்க வைத்திருப்பாள். நான் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

மைசீனி என்ற பழைய கோட்டை ஊரில் சிங்க வாசலைவிட, அட்ரியஸ் கருவூலம் என்று சொல்கிற கல்லறைதான் என் மனதில் நிற்கிறது. 3,200 வருஷத்துக்கு மேல் பழையது. வாசல் நிலைக்கு மேலே கிடக்கும் கல் ஒன்றே ஏறக்குறைய 120 டன். ஆள் நிறைந்த நம் பஸ் 16 டன் வரும். ஏழு பஸ்ஸை ஒன்றாகக் கட்டி வாசலுக்கு மேலே தூக்கி வைத்த கணக்கு. அந்தக் கல்லுக்கு மேலே முக்கோணமாக ஒரு காலி இடம் விட்டிருக்கிறார்கள். மேல் பாரம் நடுவில் இறங்காமல் இரண்டு பக்கமும் பிரிந்து போகட்டும் என்று. லோடு ஏற்றுவதும் பாரம் பிரிப்பதும் தெரிந்த எவனும் அந்த வாசலில் பத்து நிமிஷம் நிற்காமல் போகமாட்டான்.

ஒலிம்பியாவைத் தோண்டி எடுத்தது நீ இருக்கும் ஜெர்மனி நாட்டுக்காரர்கள்தான், 1875-ல் ஆரம்பித்தார்கள். ஆற்று வண்டல் ஊரையே மூடியிருந்ததாம். பூகம்பத்தில் விழுந்த சீயஸ் கோயில் தூண்கள் வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் போட்ட மாதிரி வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஓட்டப் பந்தய மைதானம் 192 மீட்டர். ஓடத் தயாராக நிற்கிறவன் கால்விரலைப் பதிக்கக் கல்லில் கோடு வெட்டியிருக்கிறது. கி.மு. 776-லிருந்து அங்கே பந்தயம் நடந்ததாகக் கணக்கு. எங்கள் வண்டியில் வந்த பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள்.

திரும்பி வந்தபோது டிரைவர் வண்டி நிழலில் நாற்காலி போட்டுச் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். நான் முறுக்கு டப்பாவை நீட்டினேன். சிரித்துக்கொண்டு எடுத்தார். ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையால் காட்டி, பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டார். உடனே எழுந்து என்னைத் தன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார், தெரியுமா! வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கெழுதும் கருவியைக் காட்டினார். தன் கார்டைச் செருகித்தான் ஓட்ட வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் கட்டாய ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். ஐரோப்பா முழுக்க இதுதான் விதி என்று கைடு சொன்னார். நம் நாட்டிலும் எட்டு மணி நேரம் என்று சட்டம் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் யாரும் அதைப் பேசியதில்லை. இரவெல்லாம் ஓட்டி, விடியற்காலை ஆட்களை இறக்கி, சாயங்காலம் மறுபடி எடுப்போம். நடுவில் கிடைப்பது தூக்கம் மட்டும். மூட்டைகளுக்கு வேறு காவல் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ரியோ பாலத்தில் போனோம். 2,880 மீட்டர், 2004-ல் திறந்தது. பூகம்பம் வந்தால் உடைவதற்குப் பதில் நகர்ந்து கொடுக்கட்டும் என்று தூண்களைக் கடலடியில் சரளைக்கல் படுக்கைமேல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களாம். பாம்பனில் போகிற மாதிரி கடல்காற்று வண்டியை இழுத்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

மூன்றாம் நாள் காலை டெல்ஃபி. மலைச்சரிவில் அப்போலோ கோயில். பித்தியா என்ற பெண் அருள் வந்து குறி சொல்வாளாம். ராஜாக்கள் படையெடுக்கும் முன்பு வந்து கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் சாமியாடியிடம் கேட்கிற மாதிரிதான். தோண்டுவதற்காக 1892-ல் அங்கே இருந்த கிராமத்தையே இடம் மாற்றியிருக்கிறார்கள். மேலே விளையாட்டரங்கம் வரை நான் ஏறினேன், அம்மா பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மியூசியத்துக்குள் போனோம்.

அங்கே ஓர் அறையில் ஆளுயர வெண்கலச் சிலை நிற்கிறது. ஒரு தேரோட்டி. தேர் இல்லை, குதிரைகள் இல்லை, இடது கையும் இல்லை. வலது கையில் மட்டும் கடிவாள வார் மிச்சம் இருக்கிறது. ஏறக்குறைய 2,500 வருஷம் பழையது. கி.மு. 373-ல் பூகம்பம் வந்து மண் மூடியதால்தான் உருக்கப்படாமல் தப்பியது, 1896-ல் எடுத்தார்கள். கண்ணில் கல் பதித்து, இமை மயிர்கூட வைத்திருக்கிறார்கள். பந்தயம் முடிந்துவிட்டது, ஆனாலும் வாரை விடவில்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கடைசிப் பயணி இறங்கி எண்ணிக்கை சரியாக வரும்வரை நாங்கள் வைத்திருக்கும் முகம் அது.

கைடு சொன்னார்: தேர்ப் பந்தயத்தில் வென்றவர் என்று பெயர் வாங்குவது ஓட்டியவன் இல்லை, குதிரைகளின் சொந்தக்காரர்தான். பீடக் கல்லில் இருப்பது சிலையைக் காணிக்கை வைத்த பாலிசாலஸ் என்பவரின் பெயர். ஓட்டியவனின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவன் பாதத்தைப் பார். தேருக்குள் மறைந்து யார் கண்ணிலும் பட்டிருக்காத பாதம். அதில் நகமும் நரம்பும் ஒன்று விடாமல் செய்து வைத்திருக்கிறான் அந்தச் சிற்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றாள்.

வெளியே வந்து போனில் எடுத்த படத்தை டிரைவரிடம் காட்டினேன். "இனியோகோஸ்" என்றார். கடிவாளம் பிடிப்பவன் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு தடவை பார்த்தாராம். வண்டி ஓட்ட வந்த பிறகு எத்தனையோ தடவை டெல்ஃபிக்கு வந்தும் உள்ளே போகவில்லையாம். வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கையை விரித்தார்.

அப்போது எனக்கு ஹம்பி ஞாபகம் வந்தது.

நீ ஆறாவது படிக்கும்போது ஹம்பியைப் பற்றிக் கட்டுரை எழுத என்னிடம் கேட்டாய். விட்டலர் கோயில் கல்தேரைப் பற்றிச் சொன்னேன். தூணைத் தட்டினால் ஸ்வரம் வரும், நானே தட்டிப் பார்த்தேன் என்றும் சொன்னேன். "எங்கப்பா தட்டிப் பார்த்திருக்காங்க" என்று வகுப்பில் எழுந்து சொன்னதாக அன்று சாயங்காலம் வந்து சொன்னாய். அம்மாடி, அப்பா அந்தத் தூணைப் பார்த்ததே இல்லை. ஹம்பிக்கு நாற்பது தடவையாவது வண்டி ஓட்டியிருப்பேன். ஒரு தடவைகூட கோயில்களுக்குள் போகவில்லை. வண்டிக்குள் துண்டை விரித்துப் படுத்திருப்பேன். திரும்பி ஏறும் பயணிகள் பேசிக்கொள்வதைக் கேட்டு, அதைத்தான் உனக்குச் சொல்வேன். அஜந்தாவும் அப்படித்தான், பாதாமியும் அப்படித்தான். கல்தேரை நான் பார்த்தது 50 ரூபாய் நோட்டில்தான்.

உன்னிடம் இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். நீ அந்தக் கதைகளை அவ்வளவு ஆசையாகக் கேட்டாய், எனக்கு வாய் வரவில்லை.

மீதி டூரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரஹோவா என்ற மலை ஊரின் குறுகலான தெருவில் எதிரே ஒரு பஸ் வந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் நம்மவர் கடந்தார், முன் சீட்டில் இருந்து பார்த்தேன். மெட்டியோராவில் பாறை உச்சிகளில் மடங்கள். ஒரு காலத்தில் வலையில் உட்கார வைத்துக் கயிற்றால் மேலே இழுப்பார்களாம். பேன்ட் போட்ட பெண்களுக்கு இடுப்பில் சுற்றத் துணி கொடுத்தார்கள், அம்மா புடவையோடு நேரே உள்ளே போனாள். தெர்மோபிலேயில் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கிரேக்கர்கள் பாரசீகப் படையைத் தடுத்து நின்ற பழைய போர் நடந்த இடுக்கு இப்போது வெறும் சமவெளி, பக்கத்தில் நெடுஞ்சாலை.

ஏதென்ஸில் இறங்கும்போது டிரைவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். மிச்ச முறுக்கை டப்பாவோடு கொடுத்துவிட்டேன். டப்பா அம்மாவுடையது, அவள் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் நீ வரும்போது ஹம்பிக்குப் போவோம். அந்தத் தூண்களை இப்போது தட்ட விடுவதில்லையாம், பரவாயில்லை, பார்த்தால் போதும். கார் எடுத்துக்கொள்வோம், நான் ஓட்டமாட்டேன், ஓட்ட ஒருவரைப் போட்டுக்கொள்வோம். விட்டலர் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அதுவரை எனக்கு நன்றாகத் தெரியும். நீ டிக்கெட் எடுக்கும்போது அந்த டிரைவருக்கும் சேர்த்து எடு.

அன்புடன்,
அப்பா