கொட்டை இருந்த இடத்தில் சர்க்கரைக் கட்டி

கிரெம்ஸ், ஆஸ்திரியா
ஜூலை 21

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து வாசல் வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. படி ஏறச் சொல்லி அவசரப்படுத்தாதே.

நான் இங்கே ஒரு பலகாரத்தில் மயங்கிக் கிடக்கிறேன். பெயர் மரில்லன்க்னோடல். மரில்ல என்றால் ஆப்ரிகாட், க்னோடல் என்றால் உருண்டை. எங்கள் ஊரிலிருந்து மெல்க் வரை டான்யூப் ஆற்றை ஒட்டிப் போகும் வாஹவ் பள்ளத்தாக்கில் இந்தப் பழம்தான் பேச்சு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது போல வாஹவ் மரில்லவுக்கும் 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு உண்டு.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்தார். அந்தக் குழியில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைத்து மூடினார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. டோப்ஃபன் என்று ஒரு பாலாடைக்கட்டி, கெட்டித் தயிர் போல மெத்தென்று இருக்கும். அதில் மைதா, வெண்ணெய், முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைக் கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வது போலத் தட்டி, பழத்தை முழுசாகப் பொதிந்து உருட்ட வேண்டும். என் கை பழக்கத்தில் நுனியைக் கூம்பாக இழுத்தது. பாட்டி சிரித்துக்கொண்டே அதை அமுக்கி உருண்டையாக்கினார். மாவில் விரிசல் விட்டால் சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடுமாம். தண்ணீரும் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடங்கிய கொதியில் பன்னிரண்டு நிமிடம் போல வேகவிட்டு, வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூளில் புரட்டி, மேலே பொடித்த சர்க்கரை தூவிக் கொடுத்தார்.

அப்புறம் என்ன சொல்ல! சந்தையில் வாங்கிப் பச்சையாகத் தின்றபோது இந்தப் பழம் வெறும் தித்திப்பாகத்தான் இருந்தது. வெந்ததும் உள்ளே ஒளிந்திருந்த புளிப்பு எழுந்து வருகிறது. சர்க்கரைக் கட்டி கரைந்து சாறோடு பாகாகி, உருண்டையை வெட்டியதும் தட்டில் ஓடுகிறது. அந்தப் புளிப்பு, வறுத்த தூளின் நறுநறுப்பு, வெண்ணெய் வாசனை. மூன்று சாப்பிட்டேன். இங்கே இதைப் பகல் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். முதலில் ஒரு கிண்ணம் சூப், பிறகு இது, அவ்வளவுதான்.

பழக்காலம் மூன்று வாரம் போலத்தான். மார்ச் கடைசியிலேயே மரம் பூத்துவிடுவதால் ஏப்ரலில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், அந்த வருஷத்து விளைச்சல் போச்சு. மரங்களுக்கு நடுவே தீ மூட்டி விடிய விடியக் காவல் இருப்பார்களாம். அதைக் கேட்ட பிறகு ஒரு பழத்தைக்கூட வீணாக்க மனம் வரவில்லை.

செப்டம்பரில் இதையே ப்ளம்ஸ் வைத்துச் செய்வார்கள். அடுத்த வருஷம் கொடைக்கானல் ப்ளம்ஸ் வரும்போது நீயும் செய்து பாரேன். டோப்ஃபனுக்கு அலைய வேண்டாம். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு மாவிலும் செய்வது இங்கே வழக்கம்தான். பழம் மட்டும் கொஞ்சம் புளிப்பாகப் பார்த்து வாங்கு. அம்மாவுக்கு முதல் உருண்டையைக் கொடுத்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
வசந்தி