விளக்கோடு ஆடும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக வளர்ச்சியில் அறக்கட்டளைகளின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை வகுப்பறைகள் எழுந்தன, எத்தனை ஊர்களுக்குக் குடிநீர் கிடைத்தது என்ற விவரங்களோடு கட்டுரை முடிந்துவிட்டது. கட்டியவற்றை அடுத்த பத்தாண்டுகளுக்கு நடத்தும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் 6 கிராமங்களில் மாலை நேர வகுப்புகள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையின் பொருளாளராக 14 ஆண்டுகள் கணக்கு எழுதி வருகிறேன். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

மூலதனத்தைத் தொடாமல் வைத்து அதன் வருவாயை மட்டும் அறப்பணிக்குச் செலவிடும் அறக்கட்டளைகள் ஒரு வகை. ஆண்டுதோறும் கையேந்திப் பெற்று, பெற்றதை அவ்வாண்டே செலவழிக்கும் எங்களைப் போன்றவை இன்னொரு வகை. முதல் வகைக்கு நாடறிந்த சான்று டாடா குடும்பத்தாரின் அறக்கட்டளைகள். 1919-இல் சர் ரத்தன் டாடாவின் பெயராலும் 1932-இல் சர் தொராப்ஜி டாடாவின் பெயராலும் நிறுவப்பட்டவை அவற்றுள் முதன்மையானவை. டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு இந்த அறக்கட்டளைகளிடம் இருப்பதால், குழுமம் ஈட்டும் இலாபத்தின் ஈவுத்தொகை ஆண்டுதோறும் அவற்றின் கணக்குக்கு வந்து சேர்கிறது. 1936-இல் பம்பாயில் சமூகப் பணிக் கல்விக்கான நிறுவனமும் 1941-இல் புற்றுநோய் மருத்துவமனையும் எழ முடிந்தது இந்த ஊற்றிலிருந்துதான். அந்த மருத்துவமனை 1962-இல் மத்திய அரசின் அணுசக்தித் துறையிடம் வந்தது. அதாவது, தொடங்கி வைத்தவர் ஒருவர் என்றாலும், தொடர்ந்து சம்பளம் கொடுக்கவும் ஒருவர் இருந்தார்.

நம் பக்கத்தில், தம் செல்வத்தை அறப்பணிக்கு உயில் எழுதி வைத்த சென்னை வணிகர் பச்சையப்ப முதலியாரைச் சொல்ல வேண்டும். 1794-இல் அவர் மறைந்த பிறகு உயிலின் மீது வழக்குகள் நீண்டு, 1842-இல்தான் அவர் பணத்தில் பள்ளி பிறந்தது. அரை நூற்றாண்டு தாமதம் என்று நொந்துகொள்ளலாம். அவ்வளவு வழக்கையும் தாங்கி அந்த அறம் பிழைத்ததற்குக் காரணம், அவர் விட்டுச் சென்றது மூலதனமாக இருந்ததே.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆடுகளைப் பெற்ற இடையர், விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். கிழடாகிச் சாகும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்பி எண்ணிக்கை குறையாமல் காக்கப்படுவதால், அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கொடுத்தவர் விளக்கைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. நெய்க்கும் வழி செய்தார், நெய் அளப்பவர் பிழைக்கவும் வழி செய்தார். இன்றைய கணக்காளர் மொழியில் மூலதன நிதி, இயக்கச் செலவு, பணியாளர் ஊதியம் ஆகிய மூன்றும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின் வாயிலாக, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டால், எங்களைப் போன்ற சிறு அறக்கட்டளைகளின் வாசலுக்கும் நிறுவனப் பணம் வரத் தொடங்கியது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021 ஜனவரிக்குப் பின், ஓர் அறக்கட்டளையின் மூலதன நிதிக்குத் தரும் பணம் இந்த 2 விழுக்காட்டுக் கணக்கில் சேராது. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த அறக்கட்டளையிலேயே பணத்தைப் போட்டு வைத்துவிட்டு, செலவழித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள இடமிருந்ததை எண்ணினால் இந்தத் தடையின் நியாயம் விளங்குகிறது. தடையின் விளைவு வேறு விதமாகவும் அமைந்துவிட்டது: நிறுவனம் விளக்கைக் கொடுக்கலாம், ஆட்டைக் கொடுக்க முடியாது. தொடர் திட்டம் என்று அறிவித்தாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக 3 ஆண்டுகளுக்குள் அதை முடித்தாக வேண்டும்.

எங்கள் வகுப்பு நடக்கும் ஊர் ஒன்றில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நீல வண்ணம் பூசிய ஒரு சிறிய அறை இருக்கிறது. நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் அந்த ஊருக்கு ஒரு நிறுவனத்தின் கொடையில் அமைந்த குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அது. 5 ரூபாய் நாணயம் போட்டால் ஒரு குடம் நீர் வரும். திறந்து வைத்தவர்களின் பெயர்கள் பொறித்த கருங்கல் பலகை இன்றும் பளபளக்கிறது. நாணயத்தில் சேர்ந்த பணம் மின் கட்டணத்துக்கும், காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொண்ட பெண்ணின் சிறு ஊதியத்துக்கும் சரியாக இருந்தது. உப்பை வடிக்கும் சவ்வுக் குழாய்கள் பழுதானபோதுதான் அவற்றை மாற்ற யாரும் பணம் ஒதுக்கவில்லை என்பது தெரிந்தது. நிறுவனத்துக்கு எழுதினோம். திட்டம் நிறைவடைந்துவிட்டது, நிறைவுச் சான்றிதழும் பெற்றாயிற்று என்று கனிவாகப் பதில் வந்தது. குடங்கள் மறுபடியும் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கின்றன.

ஊதியத்தின் கதை இதைவிடச் சங்கடமானது. நிறுவனம் தன் சமூகப் பொறுப்புச் செலவில் 5 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடாது என்று விதி சொல்கிறது. அது நிறுவனத்தின் சொந்த நிர்வாகத்துக்கான வரம்பு. திட்டத்தைக் களத்தில் நடத்துவோரின் ஊதியத்தைத் தடுப்பதற்கு வந்ததன்று. இருந்தும் நான் அமர்ந்த பேச்சுவார்த்தைகள் பலவற்றில் எங்கள் ஆசிரியைகளின் மதிப்பூதியம் ‘நிர்வாகச் செலவு’ என்று சிவப்பு மையில் சுழிக்கப்பட்டது. மடிக்கணினிகளுக்கு ஒப்புதல் தந்த அதே கை, அவற்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குப் பணம் தர மறுத்தது. வெளிநாட்டு நன்கொடைக்கும் இப்படியோர் இறுக்கம் உண்டு. 2020-இல் திருத்தப்பட்ட சட்டப்படி நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-இலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பதிவுபெற்ற பெரிய அமைப்பு ஒன்று அந்தப் பணத்தைச் சிறிய அமைப்புக்கு மாற்றித் தரவும் வழியில்லை.

வருமான வரிச் சட்டத்தின் விலக்கைப் பெற, ஓர் அறக்கட்டளை தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும் என்பது வாசகர் பலர் அறிந்ததே. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பின், ஓர் அறக்கட்டளை தன் வருவாயிலிருந்து இன்னோர் அறக்கட்டளைக்கு 100 ரூபாய் தந்தால் 85 ரூபாய் மட்டுமே செலவாகக் கொள்ளப்படும். கைமாறிக் கைமாறிப் பணம் தேங்குவதைத் தடுக்க வந்த விதி இது. ஆயினும் பெரிய அறக்கட்டளைகள் சிறியவற்றுக்குக் கொடுப்பதைவிடத் தாங்களே செலவழிப்பது எளிது என்ற கணக்குக்கு வந்தால் அவர்களை எப்படிக் குறை சொல்வது?

மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அந்த அறப்பணி, கட்டணம் செலுத்துவோரின் பணத்திலிருந்தே ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை தந்து வளர்ந்தது. போற்றத்தக்க வழிதான். கண் நோய் பணக்காரருக்கும் வரும். எங்கள் மாலை வகுப்புக்கோ விறகு வெட்டுபவர்களின் பிள்ளைகளும் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் மட்டுமே வருகிறார்கள். கட்டணம் யாரிடம் கேட்பது?

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். நிறுவனத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட அறக்கட்டளைகளின் மூலதன நிதிக்கு, முதலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, சமூகப் பொறுப்புப் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் தர மத்திய அரசு அனுமதிக்க வேண்டும். அதுவரை, கட்டடமும் கருவியும் கொடுப்போர் பராமரிப்புக்கும் ஆட்களுக்கும் ஆகும் தொகையைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்து ஒப்புதல் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

நீல அறைக்கு இப்போது 4 சவ்வுக் குழாய்கள் வேண்டும். விலைப்புள்ளிகள் வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் அறக்கட்டளையின் பொருளாளர்,
ராமநாதபுரம் மாவட்டம்