மாதவிடாய் நாள்களும் தசையின் களைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் பள்ளி மாணவியருக்குச் சனிக்கிழமைதோறும் ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். மாதத்தில் ஐந்து நாள் மகளைத் திடலுக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவைக்கும் தாய்மார் இன்றும் பலர் உள்ளனர். "அந்த நாள்ல ஓடினா உடம்பு தேறாதுங்க, டீச்சர்" என்பார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு.

முழு வேகத்தில் 100 மீட்டர் ஓடும்போது, தசை தன்னுள் வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் சிறு ஆற்றல் சேமிப்பின் பெரும்பகுதி சில நொடிகளிலேயே செலவாகிவிடுகிறது. ஓடி முடித்தவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கும் அந்த நேரத்தில், இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனின் துணையால் அது மீண்டும் நிரம்பத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடும். மாதவிடாய் தொடங்கும் நாள்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் பெண் ஹார்மோன்கள் தாழ்ந்திருப்பது உண்மை. எனினும் 78 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பாய்வு, அந்த நாள்களில் உடல்திறன் குறைந்தாலும் அது மிகச் சொற்பமே என்றும், ஒவ்வொருத்தியின் அனுபவத்தைப் பார்த்தே பயிற்சியை முடிவுசெய்ய வேண்டும் என்றும் கூறியது. வலியோ சோர்வோ இருப்பவள் ஓய்வெடுக்கட்டும். நலமாக இருப்பவளைத் தடுக்க வேண்டியதில்லை.

உதிரப்போக்கு மிகுதியாக உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வந்தால், தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் களைப்பு நீங்கத் தாமதமாகும். புரட்டாசி முழுவதும் மரக்கறி உண்ணும் நம் வீடுகளில் பருப்பும் கீரையும் எலுமிச்சையும் தட்டில் தவறாமல் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று, நானே தவறிய இடம். என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி மெலிந்து வந்தபோது, ஓட்டக்காரியின் உடல்வாகு வந்துவிட்டது என்று பாராட்டினேன். ஆறு முறை 200 மீட்டர் ஓடச் சொன்னால், நான்காவதிலேயே கால் துவண்டு புல்லில் உட்கார்ந்துவிடுவாள். விசாரித்தபோது, நான்கு மாதமாக மாதவிடாயே வரவில்லை என்றாள். இரவில் சோற்றையும் நிறுத்தியிருந்தாள். "தொல்லை விட்டதுன்னு நினைச்சேன்" என்றார் அவள் தாய். செலவிடும் ஆற்றலுக்கேற்ற உணவு கிடைக்காதபோது உடல் மாதச் சுழற்சியை நிறுத்திக்கொள்கிறது, எலும்பும் வலுவிழக்கிறது. அவ்வாறு சுழற்சி நின்ற வீராங்கனைகளின் தசையில் பாஸ்போகிரியேட்டின் மெதுவாகவே மீள்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். மாதவிடாய் வருவதைக் கண்டு அஞ்சும் நாம், அது வராமல் போவதைக் கவனிக்கத் தவறுகிறோம்.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானில், பெண்களும் நம்மைப் போன்ற வெள்ளையரல்லாதோரும் முறைப்படி சேர்க்கப்பட்டது 1975-இல்தான். அவ்வளவு காலம் காத்துக் கிடைத்த வாய்ப்பை, நம் பெண்கள் தவறான அச்சத்தால் இழக்கக் கூடாது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராத மகளை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு பெற்றோரையும், மாணவியர் தேதி குறித்துவைக்க ஒரு சிறு குறிப்பேடு கொடுக்குமாறு சக பயிற்சியாளர்களையும் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓட்டப் பயிற்சி ஆசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்