சதாசிவம் வகுத்த பதினான்கு நாள்

ஆசிரியருக்கு,

பவானி அருகே கடப்பநல்லூரில் பிறந்து, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான பி. சதாசிவம் என்றாலே ‘நோட்டா’ (எந்த வேட்பாளருக்கும் வாக்கில்லை) தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரியது 2014 ஜனவரி 21 தீர்ப்பு. கருணை மனு காரணமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தூக்கு ஆயுளாகக் குறையலாம் என்று கூறி, 15 பேரின் உயிரைக் காத்தது அது.

அத்தீர்ப்பின்படி, கருணை மனுவின் நிராகரிப்பை எழுத்தில் கைதிக்கும் குடும்பத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பின், தூக்கிலிடும் முன் 14 நாள் இடைவெளி கட்டாயம். வழக்கு ஆவண நகல்களைச் சிறை நிர்வாகம் ஒரு வாரத்தில் தர வேண்டும். நகல் இல்லாமல் வக்கீல் எதை வைத்து நீதிமன்றத்தில் மனுப் போடுவார்? முந்தைய ஆண்டு பிப்ரவரியில், இதே டெல்லி திகார் சிறையில் ஒருவரைத் தூக்கிலிட்ட பிறகுதான் காஷ்மீரிலுள்ள குடும்பத்துக்கு விரைவுத் தபால் போய்ச் சேர்ந்தது. பள்ளிப் பாடத்தில் இந்த 14 நாளையும் சேர்க்க வேண்டும்.

— டெல்லி வாசகர்கள், கரோல் பாக்