பலகையில் இன்னும் நான்கு வரி: விண்வெளி அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளி அருங்காட்சியகங்களில் காட்சிக்கூடம் அமைப்பவர்களுக்கும், விளக்கப் பலகைகளுக்கு வாசகம் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வேலையின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. புத்தகத்தில் பத்து முறை படித்தும் பிடிபடாத விஷயம், நிஜ ராக்கெட் எஞ்சினின் முன்னால் ஒரு நிமிடம் நின்றால் பிடிபட்டுவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூடத்தில், இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் 14 மீட்டர். எரிபொருள் ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும். சுமார் 320 கிலோமீட்டர் பாயும். வடிவமைப்பு வெர்னர் வான் பிரவுன் குழு. பலகையில் இருந்தது அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற சிறுமி, "இதை யாருப்பா செஞ்சாங்க?" என்று கேட்டாள். அப்பா பலகையை ஒருமுறை படித்துவிட்டு, "வான் பிரவுன்னு ஒருத்தர்மா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்தது அந்தப் பலகை மட்டும்தான்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வேறு. 1943 ஆகஸ்டில், வி-2வை உருவாக்கிய பீனமுண்டே ஆய்வுத்தளத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதும், வி-2 தயாரிப்பை நார்ட்ஹவுசன் நகரத்துக்கு அருகே ஒரு மலைக்குள் இருந்த சுரங்கங்களுக்கு மாற்றினார்கள். அந்தச் சுரங்கங்களை அகலப்படுத்தியதும், அதற்குள் உட்கார்ந்து ராக்கெட்டுகளின் பாகங்களைப் பூட்டியதும் டோரா வதைமுகாமின் கைதிகள். முதல் சில மாதங்கள் அவர்களுக்குப் படுக்கையும் சுரங்கத்துக்குள்தான். பாறைக்கு வெடி வைக்கும் புழுதிக்கு நடுவே, பலர் வாரக்கணக்கில் வெயிலையே பார்க்காமல் கிடந்தார்கள். டோராவும் அதன் கிளை முகாம்களும் சேர்ந்த மிட்டல்பாவ்-டோரா முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. வி-2 விழுந்து செத்தவர்களைவிட, அந்த முகாம்களில் செத்தவர்கள் அதிகம்.

அதோடு முடியவில்லை. சுரங்கத் தொழிற்சாலையில் வி-2 உற்பத்தியை நடத்திய ஆர்தர் ருடால்ஃப், பின்னாளில் நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் திட்ட மேலாளர் ஆனார். போர்க்காலத்தில் அவர் செய்தது விசாரணைக்கு வந்தபோது, 1984இல் அமெரிக்காவை விட்டு வெளியேறினார், குடியுரிமையையும் துறந்தார். பல கூடங்களில் வி-2வும் சாட்டர்னும் அண்ணன் தம்பி மாதிரி வரிசையாக நிற்கின்றன. நடுவில் இந்த மனிதரின் கதை மட்டும் இல்லை.

குழந்தைகள் சந்தோஷமாக வந்துபோகும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தவறும் இழப்பும் தெரியாமல் ராக்கெட்டின் தொழில்நுட்பம்கூட முழுசாகப் புரியாது என்பது என் எண்ணம். அப்போலோ விண்கலத்தின் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1967 ஜனவரி 27 அன்று நடந்தது வெறும் ஒத்திகை. ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பவில்லை, அதனால் ஆபத்தான சோதனை என்று யாரும் அதைக் கருதவில்லை. ஆனால் கலத்துக்குள் இருந்தது சுத்த ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். எங்கோ ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. உள்கதவு உள்பக்கமாக இழுத்துத் திறக்கும் வகை. தீயால் உள்ளே அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே கதவைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கிவிட்டது. எத்தனை பலசாலி இழுத்தாலும் வராது. கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி என்ற விண்வெளி வீரர்கள் மூவரும் உள்ளேயே இறந்தார்கள்.

அப்புறம்தான் கதவு மாறியது. வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறக்கிற புதுக் கதவு வந்தது. தரையில் இருக்கும்போது கலத்துக்குள் ஆக்சிஜனோடு நைட்ரஜனும் கலந்தார்கள். நிலவுக்குப் போன ஒவ்வொரு கலத்திலும் இருந்தது இந்தக் கதவுதான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கீல் தெளிவாகத் தெரிகிறது. அது ஏன் அந்தப் பக்கம் மடங்குகிறது என்று ஒரு வரி எழுதினால், பத்து வயதுப் பிள்ளை அழுத்தம் என்றால் என்ன என்பதை ஆயுளுக்கும் மறக்காது.

சரி, சுவரில் வரையும் காலக்கோட்டுக்கு வருகிறேன். 1957 ஸ்புட்னிக், 1961 ககாரின், 1969 நிலவு. எல்லாமே வெற்றிகள். 1957க்கும் 1961க்கும் நடுவில் 1960 அக்டோபர் 24க்கு ஒரு புள்ளி வையுங்கள். அன்று சோவியத் ஏவுதளமான பைக்கனூரில், எரிபொருள் நிரப்பிய ஆர்-16 ஏவுகணையைச் சுற்றி ஆட்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டாம் அடுக்கின் எஞ்சின் பற்றிக்கொண்டது. மேலிடத்து அவசரத்துக்காகப் பாதுகாப்பு விதிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து துரிதப்படுத்திய சோவியத் ஏவுகணைப் படைத் தளபதி மார்ஷல் நெடலினும் போனார். விமான விபத்தில் இறந்தார் என்று நாட்டுக்குச் சொன்னார்கள். உண்மை வெளிவர 1989 ஆனது. கணவனை, மகனை இழந்த குடும்பங்கள் அத்தனை வருடமும் வாய் திறக்க முடியவில்லை. உங்கள் சுவரில் அவர்களுக்கு ஒரு விரல்கடை இடம் கொடுங்கள்.

ஏற்கெனவே வைத்த பலகையை மாற்றத் தயங்க வேண்டாம். வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யாது என்று 1920இல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கேலி செய்த நியூயார்க் டைம்ஸ், அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று, தன் தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டது. அதைப் படிக்க கோடார்ட் உயிரோடு இல்லை. ஆனாலும் போட்டார்கள்.

வி-2 பலகைக்கு நான் எழுதிப் பார்த்த வரிகள் இவை: "இந்த வகை ராக்கெட்டுகள் நார்ட்ஹவுசன் அருகே சுரங்கங்களில் தயாரிக்கப்பட்டன. தயாரித்தவர்களில் பெரும்பாலோர் டோரா வதைமுகாமின் கைதிகள். அந்த முகாம்களுக்கு வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தார். அவர்களில் பலருக்குக் கல்லறைகூட இல்லை." இதைவிட நன்றாக உங்களால் எழுத முடியும், எழுதுங்கள். பலகையில் இடம் போதவில்லை என்றால், பாயும் தூரத்தை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கூடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரு பார்வையாளர்