வீட்டுத் தோட்டம் மற்றும் கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகு சங்கத்தில் நடந்தவற்றைத் தொகுத்து இவ்வறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். உறுப்பினர் சேர்க்கையும் கூட்ட வருகையும் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே எண்களை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் நம் கூட்டங்களின் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்ட கேள்விக்கு நேராக வருகிறேன்: தோட்டத்துக்குள் கோழியை விடலாமா, கூடாதா?

தோட்டம் மட்டும் வைத்திருக்கும் உறுப்பினர்கள், அப்போதுதான் விதைத்த பாத்தியை ஒரு கோழி கால் மணி நேரத்தில் கிளறிப் பாழாக்கிவிடும் என்றும், மூடாக்காகப் போட்ட சருகை வாரி நடைபாதையில் இறைத்துவிடும் என்றும் கூறினார்கள். கோழி வளர்ப்போரோ, அதே கிளறலில்தான் நத்தையும் வெட்டுப்புழுவும் களை விதையும் தீர்கின்றன என்று பதில் சொன்னார்கள். இருதரப்பும் சொன்னது உண்மைதான். கோழிக்கு மண்புழுவும் நாற்றும் ஒன்றே. பயிர் பார்த்துக் கிளற அதற்குத் தெரியாது. ஆகவே இடத்தைப் பற்றிய சண்டையை விட்டுவிட்டுக் காலத்தைப் பற்றிப் பேசலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. அறுவடை முடிந்து மறு விதைப்புக்குப் பாத்தி காத்திருக்கும் இடைவெளியில் மட்டும் கோழிகளை உள்ளே விடுவது, நாற்று வேர்பிடித்து உயரும்வரை வெளியே நிறுத்துவது என்ற வழக்கத்தை உறுப்பினர்கள் பலர் இவ்வாண்டு கடைப்பிடித்தார்கள். ஆண்டு முழுக்க விடத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, விதைத்த பாத்தியின் மேல் கம்பிவலையைத் தரையோடு படுக்கையாக விரிப்பதும், இளஞ்செடியின் அடியைச் சுற்றிக் கல் அடுக்குவதும் போதுமான காப்பாக இருந்தன. வேலி தாண்டும் கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட பறக்கும் இறகுகளை மட்டும் நறுக்கினால் சமநிலை தவறி அது மேலெழும்பாது. இறகு உதிர்த்துப் புது இறகு முளைத்ததும் மறுபடி நறுக்க வேண்டும். ஆனால் இரத்த ஓட்டம் நிற்காத இளம் இறகில் கத்தரி படக்கூடாது.

இதில் ஒரு நிபந்தனையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோழி உலவிய பாத்தியில் பச்சை எச்சம் கலந்திருக்கும். அதில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். மட்காத எருவை இட்டபின், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிராக இருந்தால் அறுவடைக்கு 120 நாட்களும், மண்ணைத் தொடாத பயிராக இருந்தால் 90 நாட்களும் இடைவெளி வேண்டும் என்று இயற்கை வேளாண்மைச் சான்றளிப்பு விதிகள் சில கூறுகின்றன. பச்சையாகத் தின்னும் கீரைக்கு இவ்வளவு நாள் காத்திருப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே கீரைப் பாத்தியைக் கோழிக்கு முற்றிலும் அடைத்துவிட்டு, பழமரத்தடியையும் பூஞ்செடி வரிசையையும் திறந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

எருவைப் பற்றி நடத்திய செயல்விளக்கமே இவ்வாண்டின் மிகப் பயனுள்ள நிகழ்ச்சி. கோழி எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. அதைப் பச்சையாகச் செடியடியில் கொட்டினால் அதிலிருந்து எழும் அம்மோனியா வேரைக் கருக்கிவிடும். மட்குக் குவியலில் கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கோழி எச்சத்தில் அது ஏறக்குறைய 10க்கு 1 என்ற அளவிலேயே இருப்பதால், காய்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தாக வேண்டும். குவியல் நீள அகல உயரங்களில் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும். செயல்விளக்கத்தில் ஒரு பிடி கலவையை எடுத்து அழுத்திப் பிழியச் செய்தோம்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிந்தால் ஈரம் சரி, வழிந்தால் சருகு போதவில்லை, உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. சில நாள் கழித்துக் குவியலின் நடுவில் செருகி வைத்த இரும்புக் கம்பியை உருவி, கையால் பிடிக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்தார்கள்; பிடிக்க முடியாதபடி சுட்டால் குவியல் நன்றாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அது தோராயமான சோதனைதான். நோய்க்கிருமியும் களை விதையும் சாக 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூடு பல நாள் நிற்க வேண்டுமென்பதாலும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி பலமுறை புரட்ட வேண்டுமென்பதாலும், நீண்ட தண்டுள்ள வெப்பமானி ஒன்றைச் சங்கத்துக்காக வாங்கியிருக்கிறோம். மூக்கை அரிக்கும் நெடி அடங்கி, காட்டு மண் வாசனை வந்த பிறகே குவியலைப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரப்படுபவர்களின் தக்காளிச் செடிகள் இலையாகவே வளர்ந்து, காய் பிடிக்காமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கோழிகளைப் பொறுத்தவரை, இவ்வாண்டு பல கூடுகளில் சிவப்புச் செள் தொல்லை இருந்தது. பகலில் கோழியின் உடலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்ன உறுப்பினர்கள், கோழி இளைத்துக் கொண்டை வெளுத்த பிறகே செயற்குழுவிடம் வந்தார்கள். இந்தச் செள் பகலில் கோழிமேல் இருப்பதில்லை. கோழிகள் அடையும் கம்பு சுவரில் சேரும் மூலையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பின் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே இருட்டிய பின் கைவிளக்குடன் சென்று, அந்தக் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் செந்நிறக் கீற்றுகள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இடுக்குகளைச் சுரண்டி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பொருத்துவதோடு வேலை முடியாது. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு அதற்கு ஒரு வாரமளவே தேவை என்பதால், வாரம் கழித்து அதையே திரும்பச் செய்ய வேண்டும். கோழியே இல்லாமல் காலியாகக் கிடக்கும் கூட்டிலும் அது பல மாதங்கள் உயிரோடிருக்கும். பழைய கூட்டை வாங்குவோர் இதை நினைவில் கொள்ளவும்.

முட்டை குறைந்துவிட்டது என்ற புகார் இறகு உதிரும் பருவத்தில் வழக்கம்போல் வந்தது. புது இறகுக்குப் புரதம் போவதால் அப்போது முட்டை நிற்பது இயல்பு. பகல் குறுகும் காலத்திலும் அப்படியே, ஏனெனில் தொடர்ந்து முட்டையிட 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் வேண்டும். மெல்லோட்டு முட்டைக்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. ஓர் ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது என்பதால் கிளிஞ்சல் நொறுக்கை மாலையில் கிடைக்கும்படி வைப்பது நல்லது. ஆனால் முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சுக்கும் போடும் வழக்கத்தை உறுப்பினர்கள் கைவிட வேண்டும். அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிகெட்) என்ற வைரஸ் நோய்க்கும் கோழி அம்மைக்கும் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி முகாம் நடந்தது. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது என்பதை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அம்மையைக் கொசுவும் பரப்புவதால், தோட்டத்துத் தொட்டிகளில் நீர் தேங்கவிடாமல் இருப்பது கோழி வளர்ப்பின் பகுதியே. புதிதாக வாங்கிய கோழியை மூன்று நான்கு வாரம் தனியே வைக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் தலையசைத்து ஏற்கிறார்கள், கடைப்பிடிப்போர் சிலரே.

அடை வைத்தல் பயிற்சியும், விதைப் பரிமாற்றமும், மலர்க் காட்சியும் குறையின்றி நடந்தன. செண்டுமல்லியின் சில வகைகள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் பாத்தி ஓரத்தில் இரண்டு செடி நட்டால் அது நடக்காது, பாத்தி முழுவதும் ஒரு பருவம் நெருக்கமாக வளர்க்க வேண்டும் என்று காட்சியில் விளக்கப்பட்டது.

சேவல் கூவல் குறித்து அக்கம்பக்கத்தாரிடமிருந்து புகார் வந்தது. கூட்டை இருட்டாக்கினால் போதும் என்ற யோசனையைச் செயற்குழு விவாதித்தது. வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தாலும் சேவல் தன் உள்கடிகாரத்தின்படி விடியலுக்கு முன்பே கூவுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் நிறுவியிருப்பதால், இருட்டை மட்டும் நம்புவதில் பயனில்லை என்று தீர்மானித்தோம். முட்டை மட்டும் வேண்டுவோருக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க விரும்புவோர் கருவுற்ற முட்டையை மற்ற உறுப்பினர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

சங்கத்தின் கவாத்துக் கத்தரிகளும் முட்டை பார்க்கும் விளக்கும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. யார் வீட்டில் என்பது கருவிப் பதிவேட்டில் உள்ளது. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாமென்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஊருக்குப் போன உறுப்பினர்களின் கோழிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, மாலையில் மறக்காமல் கூட்டை அடைத்த அண்டை உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறும், கோழிகளைப் பாத்திக்குள் விடும் காலம் பற்றிய செயற்குழுவின் முடிவைச் சங்க விதியாக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்