சிட்டிக்குள் கார் வேண்டாம், மல்லிகா

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

ஏட்டி மல்லிகா,

டிக்கெட் போட்டாச்சு என்று எழுதியிருந்தாய். இப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ரிட்டயர்டு ஆன கையோடு கிளம்புவாய் என்று பார்த்தால் முதலில் மாடி கட்டினாய், அப்புறம் மகள் கல்யாணம், அப்புறம் உன் வீட்டுக்கார அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன். போகட்டும், இப்போதாவது வருகிறாயே. இங்கே எல்லோரும் சுகம். பையன் வேலை கிடைத்து சியாட்டில் போய்விட்டான். அவன் அறை இப்போது துணி காயப்போடுகிற இடமாகிவிட்டது, நீங்கள் வருவதற்குள் ஒழித்து வைத்துவிடுவேன். ஸ்டெல்லாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறதாம், போன வாரம் கூப்பிட்டுச் சொன்னாள். நாகர்கோவில் பக்கம் போனால் என் பங்குக்கும் சேர்த்துக் குழந்தைக்கு ஒரு கொலுசு வாங்கிக் கொடு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். “சான்பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் இறங்கினதும் காரை வாடகைக்கு எடுத்துவிடலாமா, என்ன சொல்லுத?” என்று கேட்டிருக்கிறாய். கேட்கிற தோரணையிலேயே தெரிகிறது, மனசுக்குள்ளே நீ ஏற்கெனவே சாவியை வாங்கிவிட்டாய். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் தனியாக ஓட்டிப் போகிறவளை, இன்னொருவர் கூட்டிப் போனால்தான் உண்டு என்று உட்காரச் சொல்ல எனக்கும் மனசில்லை. எங்கள் அம்மா இங்கே வந்திருந்தபோது பட்ட பாடு உனக்குத் தெரியுமே. திங்கள் முதல் வெள்ளி வரை ஜன்னலோரம், சனி ஞாயிறு கோயில். ஃப்ரீமான்டில் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கவும் கார்ச் சாவி வேண்டும். அமெரிக்கா வந்த அப்பா அம்மாக்கள் பலருடைய கதை இதுதான். அதனால்தான் நீ முன்கூட்டியே உஷாராகிறாய், புரிகிறது.

ஆனால் நீங்கள் முதல் நாலு நாள் தங்கப்போகிற சான்பிரான்சிஸ்கோ, இங்கே நாங்கள் சிட்டி என்று சொல்லுகிற ஊர், அப்படிப்பட்டதில்லை. அங்கே காரை வைத்திருப்பவர்தான் கட்டுண்டு கிடப்பார். என் யோசனை இதுதான்: சிட்டியில் இருக்கிற நாலு நாளும் வண்டி வேண்டாம். சிட்டியை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு எடு.

முதலில் காசுக் கணக்கு. இணையத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று காட்டுகிற வாடகையை நம்பி உட்காராதே. நீ பார்த்துவைத்திருக்கும் ஹோட்டல் யூனியன் ஸ்கொயர் பக்கம். அங்கே ஹோட்டலில் வண்டியை நிறுத்த ராத்திரி ஒன்றுக்கு 50 டாலருக்குக் குறைவாக யாரும் கேட்பதில்லை, 70, 80 கேட்கிற இடமும் உண்டு. காசு வாங்கி வண்டி நிறுத்த விடுகிற இடங்களில் நகராட்சி போடுகிற வரி மட்டுமே 25 சதவீதம். அப்படியென்றால் வண்டி சும்மா தூங்குவதற்கே வாடகைக்கு நிகராகக் கொடுக்கிறாய். ஏர்போர்ட் கவுன்டரில் எடுத்தால் அதற்கென்று தனிக் கட்டணங்கள் வேறு ஏறும்.

தெருவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லுவார். நிறுத்தலாம்தான், ஆனால் அந்த ஊரில் நிறுத்துவது ஒரு தனிப் படிப்பு. நடைபாதை ஓரக்கல்லில் பெயின்ட் அடித்திருப்பார்கள். சிவப்பு என்றால் நிற்கவே கூடாது, மஞ்சள் சரக்கு இறக்குகிறவர்களுக்கு, வெள்ளை ஆள் ஏற்றி இறக்க, பச்சை கொஞ்ச நேரத்துக்கு, நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. வண்ணமே இல்லாத இடத்திலும் கம்பத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். வாரத்தில் இன்ன நாள் இத்தனை மணிக்குத் தெரு பெருக்கும் வண்டி வரும் என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் உன் கார் அங்கே நின்றால் 100 டாலரை ஒட்டி அபராதம். இது போக மேடு. நம் ஊரில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்போமே, அந்த வேலையை இங்கே முன் சக்கரம் செய்ய வேண்டும். இறக்கம் பார்த்து நிறுத்தினால் சக்கரத்தை ஓரக்கல் பக்கம் திருப்பி முட்ட வை, ஏற்றம் பார்த்து நிறுத்தினால் ரோட்டுப் பக்கம் திருப்பு. 3 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தாலே இது சட்டம், அதற்கும் சீட்டு எழுதுவார்கள். சரிவு என்றால் சாதாரணச் சரிவு இல்லையட்டி. ஃபில்பர்ட் தெருவில் ஒரு துண்டு 31.5 சதவீதம்! மேட்டு உச்சியில் ஸ்டாப் போர்டு இருக்கும். அங்கே நின்றால் உன் பானெட்டுக்கு அப்பால் ஆகாயம்தான் தெரியும், ரோடு தெரியாது. பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்பான். இடது பக்கம் ஓட்டிப் பழகின கைக்கு வலது பக்கம் பழகவே ஒரு நாள் ஆகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் பிரேக்கை மிதிக்கும். இதெல்லாம் பழக ஃப்ரீமான்ட் போல அகலத் தெரு வேண்டும், அந்த மேட்டு உச்சி அல்ல.

திருட்டையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தின காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போவது அங்கே பேர்போன தொழில். இப்போது நிறையக் குறைந்துவிட்டது, ஆனாலும் சுற்றுலா இடங்களில் ஓரக்கல் பக்கம் குனிந்து பார்த்தால் கற்கண்டுத் தூள் மாதிரி கண்ணாடிச் சில்லு மினுங்கிக்கொண்டு கிடக்கும். எப்போது எடுத்தாலும் சீட்டில் ஒரு துண்டுகூட விட்டுவைக்காதே. டிக்கியில் வைக்கலாமே என்பாய். அங்கே வந்து நிறுத்தின பிறகு டிக்கியைத் திறந்து பையை வைத்தால், பார்க்கிறவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

இனி வண்டி இல்லாமல் என்ன செய்வாய் என்று பார். ஏர்போர்ட்டிலிருந்து பார்ட் ரயில் இருக்கிறது, உன் ஹோட்டல் பக்கத்துப் பவல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம். ஆனால் அன்றைக்கு நீங்கள் இவ்வளவு நேரம் பறந்து வந்து, பெட்டிகளோடு, வயசான அத்தையையும் வைத்துக்கொண்டு ரயிலேற வேண்டாம். ஒரு டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் பார்க்காதே. மறுநாளிலிருந்து டிக்கெட்டுக்குப் பதில் தட்டுகிற கிளிப்பர் கார்டு. ஆளுக்கு ஒன்று வேண்டும். பார்ட், பஸ், டிராம், படகு எல்லாவற்றுக்கும் அதே கார்டுதான். பஸ்ஸில் ஒரு தடவை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். படி ஏற முடியாதவர்களுக்காக டிரைவர் பஸ்ஸின் முன்பக்கத்தைத் தரையோடு தாழ்த்துவார், கேட்டால் போதும். அத்தைக்கு நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறுவதைவிட இது சுலபம்.

எஃப் லைன் என்று பழைய டிராம்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாகக் கடற்கரைக்குப் போகின்றன. உலகத்தின் பல ஊர்களில் ஓடின வண்டிகளை வாங்கியும் அந்தந்த ஊர் வண்ணம் பூசியும் ஓட்டுகிறார்கள். மிலான் நகரத்து 1928ஆம் வருஷ வண்டி வந்தால் விடாதே, ஏறிவிடு. உள்ளே நீளவாக்கில் மர பெஞ்ச், வார்னிஷ் பளபளப்பு. எனக்கு அதில் உட்கார்ந்தால் இறங்க மனசு வருவதில்லை. கேபிள் கார் வேறு. அதில் எஞ்சினே கிடையாது. தெருவுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிற இரும்புக் கயிற்றை, நடுவில் நிற்கிற ஆள் ஒரு பெரிய நெம்புகோலால் கவ்விப் பிடிப்பார், வண்டி ஏறும். விட்டுவிட்டுப் பிரேக் போட்டால் நிற்கும். 1873இல் தொடங்கின ஏற்பாடு. டிக்கெட் விலை அதிகம், அதனால் கேபிள் காரும் சேர்ந்த விசிட்டர் பாஸ் வாங்கிவிடு. கியூ பெரிதாக இருக்கும், காலையிலேயே போ.

கோல்டன் கேட் பாலத்துக்கு 28ஆம் நம்பர் பஸ். அந்தப் பாலத்தைக் காரில் கடந்தால் இரண்டு மூன்று நிமிஷம், பாதி நேரம் நீ லேனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். நடந்துதான் பார்க்க வேண்டும், காற்று முந்தானையைப் பிடுங்கும், சுடிதார் போட்டுக்கொள். ஃபெர்ரி பில்டிங்கிலிருந்து அக்கரையில் இருக்கிற சாசலிட்டோவுக்குப் படகு போகிறது, அண்ணனுக்கு அது பிடிக்கும். மேட்டுத் தெருவுக்கு மட்டும் டாக்சி. இப்போது டிரைவரே இல்லாத வேமோ டாக்சி வந்துவிட்டது, 2024லிருந்து யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஒருநாள் நானும் வருகிறேன், என் போனிலேயே பிடிக்கலாம். முன் சீட்டில் ஆளே இல்லாமல் ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைப் பார்த்து அத்தை என்ன சொல்லுவார் என்று கேட்க எனக்கு ஆசை.

ஐந்தாம் நாள் காலையில் பெட்டியோடு பார்ட் ஏறி, வண்டி மாறாமல் ஃப்ரீமான்டுக்கு வந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே வாடகைக் கார் ஆபீஸ் இருக்கிறது, ஏர்போர்ட் கட்டணம் இல்லை, எங்கள் வாசலில் இலவசமாக நிறுத்தலாம். முதல் நாள் இந்தத் தெருக்களில் சுற்றிப் பழகு. மறுநாள் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு நீயே ஓட்டு. அப்புறம் தெற்கே கடலோரமாக மான்டரே, கார்மல், பிக் சர். அங்கே கார் இல்லாமல் போவது வீண். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பசிபிக், 1932இல் கட்டின பிக்ஸ்பி பாலம். உனக்கென்றே போட்ட ரோடு அது. மண்சரிவில் அடிக்கடி மூடுவார்கள், முந்தின நாள் ராத்திரியே ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புவோம்.

அதற்கு நீ அங்கேயே செய்ய வேண்டியது: ஆர்.டி.ஓ.வில் இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிவிடு, 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். கலிபோர்னியாவில் உன் ஊர் லைசென்ஸே போதும் என்றுதான் சட்டம், ஆனால் கவுன்டரில் இருக்கிற பையன் கேட்டால் வாதாட வேண்டியிருக்காது. ஒரிஜினல் லைசென்ஸையும் மறக்காதே. ஓட்டுகிறவர் பேரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அண்ணன் கார்டை நீட்டினால் எடுபடாது. கொஞ்சம் பணத்தை முன்பணமாகப் பிடித்து வைத்துத் திரும்பத் தருவார்கள், கார்டில் இடம் வைத்துக்கொள்.

இன்சூரன்ஸ்தான் முக்கியம். இரண்டு வகை கேட்பார்கள். ஒன்று அவர்கள் வண்டிக்கு அடிபட்டால், இன்னொன்று நம்மால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால். இங்கே இருக்கிறவர்களுக்குச் சொந்தக் கார் இன்சூரன்ஸே வாடகை வண்டிக்கும் பல சமயம் கைகொடுக்கும். உனக்கு அது கிடையாது. இந்த ஊர் ஆஸ்பத்திரிப் பில் நீ கேள்விப்பட்டதுதான். ஆகவே இரண்டாவதை எக்காரணம் கொண்டும் வேண்டாம் என்று சொல்லாதே. கணக்குப் பார்க்கிற பேங்க் புத்தி அங்கே எட்டிப்பார்க்கும், அடக்கிக்கொள்.

டோல் கேட்டில் நின்று காசு கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை. நம்பரைப் படமெடுத்துப் பில்லை வாடகைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள், அவர்கள் அதன்மேல் தங்கள் கட்டணத்தையும் போட்டு உன் கார்டில் எடுப்பார்கள். நாம் போகிற வழியில் டோல் வாங்குகிற பாலம் எதுவும் குறுக்கே வராது என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணனிடம் காட்டு, அவர் ஹோட்டல் பார்க்கிங் கட்டணத்தைப் பார்த்ததுமே என் கட்சிக்கு வந்துவிடுவார். பிளைட் நம்பரை எழுது. அத்தைக்கு ஏர்லைன்ஸில் வீல்சேர் சொல்லிவிடு. அவர் நான் என்ன நொண்டியா என்று சண்டைக்கு வந்தால், அவர்களாகவே போட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளி.

அன்புடன்,
வசந்தா